பால் டேங்கில் பத்தாயிரம் மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பால் டேங்க் கிடந்தது. பால் வண்டியின் முதுகில் படுத்திருக்குமே, அந்த அலுமினிய உருளை. ஆள் உயரம், ஒரு பக்கம் நசுங்கல், உள்ளே இன்னும் புளித்த வாடை. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "சார், கூண்டு கிடைத்துவிட்டது. இப்படிக்கு, பல் டாக்டர்."

தப்பு என்னுடையதுதான். போன வாரம் கடைவாய்ப் பல்லை அடைக்கப் போயிருந்தேன். பல் டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே புலம்பினார். கோடீஸ்வரன் மட்டும்தான் மேலே போய்ப் பூமியின் வளைவைப் பார்க்க வேண்டுமா, பஸ்ஸில் போகிறவன் பார்க்கக் கூடாதா என்று. நான் சும்மா இருந்திருக்கலாம். "அதுல என்ன சார் பெரிய வித்தை? விண்கலம்னா கயிறு இல்லாத லிஃப்ட். கூண்டு, கதவு, காத்து, பிரேக். முப்பது வருஷமா லிஃப்ட் பழுது பாக்கறேன். ஒரு கூண்டு மட்டும் கிடைச்சா வீட்டு வாசல்லயே கட்டிடுவேன்" என்றேன்.

உடனே ஊசி போட்டுவிட்டார். பத்து நிமிடம் கழித்து, சும்மா பேச்சுக்குச் சொன்னேன் என்று சொல்லப் பார்த்தேன். வாய் மரத்துப்போய் "ஃபும்மா ஃபேஃபுக்கு" என்றுதான் வந்தது. அவர் என் தோளைத் தட்டி, "உங்க ஆர்வம் புரியுது சார்" என்றார்.

மனைவி டேங்கை ஒரு முறை சுற்றி வந்தாள்.

"இது எப்ப போகும்?"

"மேலயா? அதுக்கு நாளாகும்."

"வெளிய."

மார்ச் 8, ஞாயிறு

முதல் கூட்டம். டாக்டர், நான், என் மைத்துனன். மைத்துனன் இரும்பு கேட் செய்கிறவன். அவன் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, இதுல எவ்வளவு வெல்டிங் இருக்கு?" நிறைய என்றேன். "அப்ப நானும் இருக்கேன்."

டாக்டர் எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் வரைந்து காட்டினார். நேராக விண்வெளிக்குப் போக முடியாது, படி வைத்து ஏற வேண்டும். முதல் படி, ஒரு பெரிய வெப்பக் காற்று பலூன் கட்டி இந்தக் கூண்டைப் பத்தாயிரம் மீட்டருக்குத் தூக்குவது. காற்றுப் புகாத கூண்டு, உள்ளே சிலிண்டரில் ஆக்சிஜன், மேலே இரண்டு கேஸ் பர்னர். இரண்டாவது படி, அங்கிருந்து ஒரு ராக்கெட். மூன்றாவது படிக்கு உறையில் இடமில்லை.

"முதல்ல யார் போறது?" என்றான் மைத்துனன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னையே பார்த்துக்கொள்ள முடியாததால் டேங்கைப் பார்த்தேன்.

"சார்தானே சொன்னது" என்றார் டாக்டர்.

உள்ளே லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த மனைவி, மெஷினை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "என்ன வேணா பண்ணுங்க. என் மெஷின்ல யாரும் கை வைக்கக் கூடாது."

மார்ச் 11, புதன்

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்கு உயரம் என்றால் பயம்.

லிஃப்ட் குழிக்குள் பதினெட்டாவது மாடியில், கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு ஸ்பானர் பிடிப்பேன். ஒன்றும் ஆகாது. நாலு பக்கமும் சுவர் இருக்கிறது. ஆனால் மொட்டை மாடி ஓரம் போய் நின்றால் முழங்கால் இரண்டும் கழன்று வேறு யாருடையதோ ஆகிவிடும். கல்யாணமாகி இருபத்தேழு வருடம். இவளுக்குக்கூடத் தெரியாது.

ஆனால் கவலையில்லை. இப்படிப்பட்ட காரியத்தை யாராவது கட்டாயம் தடுத்துவிடுவார்கள். உலகத்தில் பொறுப்பானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

டேங்கைக் கழுவினோம். வாடை போகவில்லை. நசுங்கலை மைத்துனன் உள்ளேயிருந்து அடித்து நிமிர்த்தினான். அவன் காதில் இன்னும் மணி அடிக்கிறதாம்.

ஜன்னல் விஷயத்தில் தகராறு. நான் ஜன்னலே வேண்டாம் என்றேன். ஓட்டை போட்டால் பலம் குறையும், காற்று கசியும், கண்ணாடி உடையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் முகம் வாடிவிட்டது. தண்ணீர் கொடுக்க வந்த மனைவி கேட்டாள்:

"ஜன்னல் இல்லாம அவ்வளவு உசரம் போயிட்டு வர்றதுக்கு, ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து எந்திரிச்சு வந்தா போதாதா?"

வட்ட ஜன்னல் ஒன்று வைப்பதென்று முடிவானது. மூன்றுக்கு ஒன்று. அவளுக்கு ஓட்டு உண்டு என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மூடிப்போன கூடாரத் தொழிற்சாலையிலிருந்து டாக்டர் போன மாதமே துணி கொண்டுவந்திருந்தார். மெல்லிசான நைலான், பாதி ஆரஞ்சு, பாதி சாம்பல். தையல் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். ஈறு தைக்கிற கை, துணி தைக்காதா என்றார். மூன்று வாரம் தைத்த முதல் துண்டை இன்று விரித்துக் காட்டினார்.

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். விரல் நகத்தை ஒரு தையலில் வைத்து இழுத்தாள். சர்ரென்று ஒரு முழம் பிரிந்தது.

"டாக்டர், இது வாயில இருந்தா பரவாயில்ல. எச்சில் பட்டு ஒட்டிக்கும். இதுல மனுஷன் தொங்கணும்."

அப்படியே துணியைச் சுருட்டி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வரை மெஷின் ஓடியது. வெளியே வந்து, "ரெட்டைத் தையல், மடிப்புக்குள்ள நாடா. வரைபடத்தைக் கொடுங்க. இந்த ஓரத்துக் கணக்கு தப்பு" என்றாள்.

ஒருவேளை அருகிலிருந்தே கெடுத்துவிடலாம் என்று நினைக்கிறாளோ? கெட்டிக்காரி. நம்பிக்கையாக இருக்கிறது.

மே 7, வியாழன்

விமானத் துறைக்கு அனுமதி விண்ணப்பம் அனுப்பினேன். அறுபத்திரண்டு பக்கம். அவர்களே பயந்து மறுக்கட்டும் என்று ஆபத்து அத்தனையையும் பட்டியல் போட்டேன். பட்டியல் போட்டுவிட்டு அப்படியே விட முடியுமா? கை பழகிவிட்டது. ஒவ்வொரு ஆபத்துக்கும் எதிரே ஒரு தடுப்பும் எழுதினேன். பர்னர் ஒன்று அணைந்தால் இன்னொன்று. இரண்டும் அணைந்தால் கூண்டுக்கு ஒரு பாரசூட், சிவப்புக் கைப்பிடி. கதவு உள்ளேயும் திறக்கும், வெளியேயும் திறக்கும். லிஃப்டுக்கு என்னென்ன உண்டோ எல்லாம்.

மறுத்துவிடுவார்கள். வீட்டு வாசலில் விண்கலம் என்று எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ஜூன் 2, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதிகாரி நேரிலேயே கூப்பிட்டிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும். மேஜையில் என் அறுபத்திரண்டு பக்கமும் கிடந்தது, அங்கங்கே பென்சில் கோடு.

"இருபத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து 'நிராகரிக்கப்படுகிறது'ன்னு எழுதிட்டிருக்கேன் சார். வர்றவன் எல்லாம் றெக்கையை வரைவான், எப்படி இறங்குவேன்னு எழுத மாட்டான். நீங்க ஏறுறதுக்கு நாலு பக்கம், இறங்குறதுக்கு ஐம்பத்தெட்டு பக்கம் எழுதியிருக்கீங்க."

"பயந்த சுபாவம் சார்."

"அதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று எழுந்து நின்று கைகொடுத்தார். பறக்கும் நாளன்று தானும் வர வேண்டுமாம். லீவு எழுதிக் கொடுக்கப்போகிறாராம்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

உடல் பரிசோதனை. போவதற்கு முன் ஆறு கப் காபி குடித்து, நாலு மாடி படியேறி ஓடினேன். டாக்டரம்மா காகிதச் சுருளைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இந்த மாதிரி இதயம் நான் பாத்ததில்லை. தினமும் படியேறுவீங்களோ?" என்றார்.

தகுதி. முத்திரையோடு.

ஜூன் 21, ஞாயிறு

கூண்டை மூடிச் சோதித்தோம். என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவை இறுக்கினார்கள். இரண்டு மணி நேரம். ஆக்சிஜன் சீராக வந்தது, ஒரு கசிவும் இல்லை. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது. வாசலைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. சுற்றிலும் சுவர். ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். "எவ்வளவு நிதானம் பாருங்க" என்று டாக்டர் வெளியே சொல்லிக்கொண்டிருந்தது கனவில் கேட்டது.

பிறகு மனைவி, தையலையும் கூண்டையும் இணைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கைப்பிடியாக விரல் வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எதை உடைக்கலாம் என்று பார்க்கிறாள் போல. பார்க்கட்டும்.

ஜூலை 12, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே வெட்டவெளியில் பலூனை விரித்தோம். ஊதி நிமிர்ந்தபோது நானே வாயைப் பிளந்துவிட்டேன். ஆறு மாடி உயரம், ஆரஞ்சும் சாம்பலுமாக. அவள் தைத்தது. ஒரு இடத்தில் சுருக்கமில்லை.

நாலு லாரியில் கயிறு கட்டி அறுபது மீட்டர் மட்டும் ஏற்றுவது திட்டம். ஏறினேன். தரை காலடியைவிட்டு நழுவுகிறது என்று தெரிந்ததும் நாற்காலியிலிருந்து இறங்கிக் கூண்டின் அடித்தளத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பர்னரை மட்டும் தடவித் தடவி இயக்கினேன்.

வயர்லெஸ்ஸில் டாக்டர் கேட்டார். "சார், வளைவு தெரியுதா?"

அறுபது மீட்டரில். "லேசா" என்றேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டாராம்.

அடுத்து மனைவி குரல். "நம்ம வீட்டு மாடி தெரியுதா?"

"நல்லா தெரியுது."

"கொடியில என்ன காயுது?"

"போர்வை. நீலப் போர்வை."

கொஞ்ச நேரம் கரகரவென்ற சத்தம் மட்டும். பிறகு, "சரி" என்றாள்.

இறங்கியதும் மைத்துனன் தோளில் தூக்கிக்கொண்டான். அதுவும் உயரம்தான்.

ஜூலை 13, திங்கள்

மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

"மாடியில போர்வை எதுவும் காயல."

"காத்துல பறந்திருக்கும்."

"கொடியே கிடையாது. போன மாசம் அறுந்துபோச்சு."

எண்ணெய்க் குப்பியை மூடினாள்.

"இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். மாடித் தொட்டியைக் கழுவ ஒவ்வொரு தடவையும் ஆள் கூட்டிட்டு வர்றீங்க. இருபது மாடி லிஃப்ட் பாக்கற மனுஷன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா பத்தாயிரம் மீட்டர் போறேங்கறீங்க."

சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. நாலு மாதமாக எல்லாரையும் ஏமாத்திட்டிருக்கேன், யாராவது நிறுத்துங்கன்னு பாத்தா எல்லாரும் கை தட்டறாங்க, அந்த அதிகாரி லீவு வேற போட்டுட்டார் என்று ஏதேதோ சொன்னேன். எண்ணெய்த் துணியையே கொடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஜூலை 15, புதன்

சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். "அப்ப நான் போறேன்."

அம்மா வீட்டுக்கா என்று கேட்டேன்.

"மேல."

ஜூலை 16, வியாழன்

கேலி இல்லையாம். இருபத்தாறு வருடமாகத் தார்ப்பாய் தைக்கிறாள். மெஷினுக்கு எதிரே சுவர். லாரிகள் எங்கெங்கோ போகின்றன, அவள் தைத்தது மட்டும் கூடப் போகிறது, அவள் போனதில்லை. இந்தப் பலூனின் ஒவ்வொரு தையலும் தெரிந்தது அவளுக்குத்தான். கைப்பிடிகளும் தெரியும். அன்றைக்கு முக்கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொண்டது உடைப்பதற்கில்லை.

நான் எதைத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்?

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மற்றவர்களிடம் சொன்னேன். "டாக்டர், உயரம்னா எனக்கு ஆகாது. அன்னிக்கு நான் எதையும் பாக்கல."

டாக்டர் நோட்டை எடுத்து, "லேசாக வளைவு" என்பதை நிதானமாக அடித்தார். பிறகு, "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் வாயையே திறக்க மாட்டாங்க சார். நீங்க ஏறி உக்காரவாவது செஞ்சீங்க" என்றார். நல்ல மனிதர்.

மைத்துனன் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டான். உள்ளே கால் மணி நேரம் சிரித்தான். தோள் குலுங்கியதை வைத்துத் தெரிந்தது. அக்கா போகிறாள் என்றதும் சிரிப்பு நின்றது. எழுந்து போய், ஏற்கெனவே வைத்த வெல்டிங் பற்றையெல்லாம் சுத்தியலால் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான். "டேய், எனக்காக இப்படித் தட்டலையே" என்றேன். "மாமான்னா இன்னொருத்தர் கிடைச்சிடுவார்ங்கற நெனப்புதான்" என்றான். இந்தக் குடும்பத்தில் மரியாதை குறைந்துகொண்டே வருகிறது.

ஆகஸ்ட் 20, வியாழன்

இப்போதுதான் நிஜமான பயம். போன பயமெல்லாம் ஒத்திகை.

நான் போவதாக இருந்தபோது பாரசூட் போதும் என்று தோன்றியது. அவள் போவதென்றதும் ஒன்றும் போதவில்லை. வேலையில் கவனமில்லை, இன்று ஒரு ஆபீஸ் லிஃப்டில் மேலே போகிற பட்டனையும் கீழே போகிற பட்டனையும் மாற்றிப் பொருத்திவிட்டேன்.

மத்தியானம் அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், விமானியின் பாதுகாப்பைக் கருதி என்று. மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். பேனாவை எடுத்து 'கறுதி' என்று இருந்ததை 'கருதி' என்று திருத்தினாள்.

"அனுப்புங்க. ஆனா உங்க பயத்துக்காகன்னு எழுதி அனுப்புங்க. என்னைச் சாக்கு சொல்லாதீங்க."

அப்படி எழுதிப் பார்த்தேன். கடிதம் ஒரே வரியில் முடிந்துவிட்டது. படிக்கக் கேவலமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

அவளுக்கு இதுவரை கயிறு கட்டி ஒன்பது ஏற்றம், கயிறில்லாமல் மூன்று. ஒவ்வொரு தடவையும் இறங்கிவந்து ஒரு குறை சொல்கிறாள். நாற்காலி முதுகை இடிக்கிறது. கைப்பிடி எட்டவில்லை. ஜன்னல் சின்னது. "யார் இவ்வளவு சின்னதா வச்சது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

கீழேயிருந்து பேசுவது என் வேலை. வரைபடம், காற்றின் வேகம், உயரக் கணக்கு எல்லாம் என் மேஜையில். மேலே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பார்ப்பதும் இல்லை.

அக்டோபர் 3, சனி

நாளைக்கு. காற்று இல்லை என்கிறார்கள். எனக்குள்ளும் இல்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதவே முடியாது.

விடிந்ததும் வெட்டவெளிக்குப் போனோம். அதிகாரி எங்களுக்கு முன்பே வந்து மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நாடாவால் கட்டிக்கொண்டாள். ஏறும் முன் என்னிடம் சொன்னது, "அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகமா இருக்கு. யாரையாவது பாக்கச் சொல்லுங்க." (அணைத்திருந்தாள்.)

ஏழு மணிக்குக் கிளம்பினாள். டாக்டரும் மைத்துனனும் கேட் ஏற்றுகிற வேனில் பின்னாலேயே போனார்கள். நானும் அதிகாரியும் மேஜையில். இரண்டாயிரம், நாலாயிரம், ஆறாயிரம். ஒவ்வொரு ஐநூறுக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். "சரி." "சரி." "குளிருது." "சரி."

ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அங்கே குரல் மாறியது.

"என்னங்க. தீ அணைஞ்சிடுச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

பக்கத்தில் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். என் வாய் தனியாக வேலை செய்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு எத்தனை நூறு முறை பேசியிருப்பேன்? பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லவே கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஏதாவது கேட்க வேண்டும்.

"காத்து மெலிசாயிடுச்சு, அதான். இப்ப நீ இறங்குவ. கொஞ்சம் வேகமா இருக்கும். ஆறாயிரத்து ஐநூறு வந்ததும் பத்த வை, காத்து போதும். அதுக்கு முன்னாடி கேஸைத் திறக்காத. ஐயாயிரம் வரைக்கும் பத்தலேன்னா சிவப்புக் கைப்பிடி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. அது வரைக்கும் என்ன பண்ண?"

"ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு சொல்லு."

ஒரு மூச்சுச் சத்தம்.

"மேல இங்க்கைக் கொட்டின மாதிரி இருக்கு. கருநீலம். கீழ வர வர வெளுக்குது. ஓரம் வளைஞ்சிருக்கோன்னு தோணுது. டாக்டர்கிட்ட உறுதியா சொல்லாதீங்க, எழுதிக்குவார்."

"உயரம் என்ன?"

"எட்டாயிரத்து நூறு. நம்ம ஊர் இவ்வளவுதாங்க. கட்டை விரலை வச்சா மறைஞ்சுபோகுது. என் மெஷின், அந்தச் சுவர், எல்லாம் விரலுக்கு அடியில." விரலை எடுத்துவிட்டாள் போல. "ஆறு ரெண்டாப் பிரியுது தெரியுமா? ஒரே ஆறுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"மேல சொல்லு."

"மேகம் நமக்குக் கீழ இருக்கு. பஞ்சுன்னு சொல்வாங்கல்ல, அப்படி இல்ல. அடியில அழுக்கா இருக்கு. ஏழாயிரம். இப்ப பத்த வைக்கவா?"

"இன்னும் ஐநூறு மீட்டர்."

"நீங்க கீழ உக்காந்துகிட்டு—"

"ஆமா, கீழ உக்காந்துகிட்டுதான் சொல்றேன். வேற என்ன தெரியுது?"

"ஒரு ரயில் போகுது. எறும்பு மாதிரிகூட இல்ல. நகர்றதால தெரியுது."

ஆறாயிரத்து ஐநூறு. முதல் முறை பற்றவில்லை. இரண்டாவது முறையும் பற்றவில்லை. "பொறி வருது, பிடிக்கல" என்றாள். குரலில் இப்போது நடுக்கம் வந்துவிட்டது. கேஸை மூடி பத்து எண்ணச் சொன்னேன். நானும் கூடவே எண்ணினேன். அதிகாரியும் எண்ணினார். எட்டில் அவர் நிறுத்திவிட்டார்.

ஐயாயிரத்து எழுநூறு. வயர்லெஸ்ஸில் பெரிய மாடு பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம்.

"பத்திக்கிச்சு."

"சரி" என்றேன். மைக்கை மேஜையில் வைத்தேன். எழுந்துபோய் அதிகாரியின் காருக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன்.

அவர் கைக்குட்டை கொடுத்தார். "இவ்வளவு நிதானமா பேசினீங்களே, எங்க பழகினீங்க?"

"வெள்ளிக்கிழமைகூடப் பேசினேன் சார். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க."

"இவ்வளவு நேரம் மேலயேதான் பாத்துட்டிருந்தீங்க. தெரியுமா?"

தெரியாது. கழுத்து வலிக்கிறது, அதனால் உண்மையாகத்தான் இருக்கும்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கால்பந்து மைதானத்தில் இறங்கினாள், ஆட்டத்தின் நடுவில். நடுவர் ஓடிவந்து விசில் ஊதி மஞ்சள் அட்டை காட்டினாராம். இவள் கதவைத் திறந்து, "யார் ஜெயிக்கறாங்க?" என்று கேட்டாளாம். மைத்துனன் போனில் இதைச் சொல்லிக்கொண்டே அழுதான்.

அக்டோபர் 6, செவ்வாய்

இன்று ஒரு லாரித் தார்ப்பாய் முடித்துக் கொடுத்தாள். வழக்கம் போல.

டாக்டருக்கு ஒரே வருத்தம், பத்தாயிரம் எட்டவில்லை, ஐநூற்று எண்பத்தெட்டு மீட்டர் பாக்கி. பர்னருக்குக் கொஞ்சம் ஆக்சிஜனையும் சேர்த்துக் கொடுத்தால் அணையாது என்றேன். நானே சொன்னேன். வாய் மரத்துப்போகவும் இல்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

வாசலில் ஒரு பஸ் டிரைவர், ஒரு நர்ஸ், சலூன்காரர், ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர். எல்லாரும் தனித்தனியாக வந்தவர்கள். மேலே போக முடியுமா என்று கேட்கிறார்கள். டாக்டர் வரிசை எண் எழுதிக் கொடுக்கிறார், தன் மருத்துவமனைச் சீட்டிலேயே. கணக்கு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, பல்லையும் பார்த்துவிடுவீர்களா என்று கேட்டார்.

மனைவி அவர்களிடம் பேசிய விதத்தைக் கவனித்தேன். நன்றாக இருக்கும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தீ அணைந்ததை முதலில் சொன்னாள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

நவம்பர் 5, வியாழன்

இரண்டாவது பயணத்துக்கு விண்ணப்பம். இந்த முறை இருவர் உட்காரும் கூண்டு. நாற்காலிகளை மைத்துனன் நேற்றே பொருத்திவிட்டான். படிவத்தை அவள்தான் நிரப்பினாள். விமானி என்ற இடத்தில் தன் பெயர். தொழில் என்ற இடத்தில், தார்ப்பாய் தைப்பவர் என்று எழுதி, ஒரு கமா போட்டு, விமானி என்றும் எழுதியிருந்தாள். தரைக்கட்டுப்பாடு, பல் டாக்டர்.

பயணி என்ற இடம் காலி. படிவத்தை மேஜையில் விரித்துவைத்து, பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

நான் வேலைக்குப் போனேன். இரண்டு லிஃப்டில் கதவு சரி செய்தேன். ஒன்றில் எண்ணெய் மாற்றினேன். சாயங்காலம் வந்தேன். படிவம் அப்படியே கிடந்தது, பேனாவும் அப்படியே. அவள் உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரிச் சத்தம் நின்று நின்று வந்தது.

பேனாவை எடுத்து ஓரமாக வைத்தேன். பென்சிலைச் சீவி, என் பெயரை எழுதினேன்.